பிச்சாவரம் போகும் வழியில் ரத்த வாந்தி

2009 பொங்கல் முடிந்த வாரம். என் வீட்டுக்காரர் செல்வராஜ் தான்சானியா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு மீன் கம்பெனியில் ஆறு வருஷம் ஐஸ் மெஷின் மெக்கானிக். கடைசி வருஷம் நானும் கூட இருந்தேன். “ஊர்ப்பட்ட ஏரியைப் பாத்தாச்சு, நம்ம பிச்சாவரத்துல போட்ல போனதே இல்ல” என்றார். அதனால் கிளம்பினோம்.

கடலூர் முதுநகரில் காலை ஏழேகாலுக்குச் சிதம்பரம் பஸ். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்வரை ஜன்னலை மூடி வையுங்கள், மருந்து வாடையில் தலை சுற்றும். ஒன்றேகால் மணி நேரத்தில் சிதம்பரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அவர் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றார். “பொங்கலுக்கு ஜாஸ்தி சாப்ட்டுட்டேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தரிசனம், டிபன் முடித்து பிச்சாவரத்துக்கு ஆட்டோ பிடித்தோம். பதினைந்து கிலோமீட்டர். டிரைவர் இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். கிள்ளை ஊர் வருவதற்கு முன்னால் இவர் டிரைவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி ரோட்டோரம் குனிந்தார். மண்ணில் சிவப்பாகக் கொட்டியது. வெற்றிலைச் சாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

“அக்கா, ஏத்துங்க அவர! திருப்பறேன்!” டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நடுவழியில் மெதுவாகக் கேட்டார்: “அண்ணன் தண்ணி போடுவாரா?”

“தொட்டதே இல்லப்பா.”

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டரும் அதையேதான் கேட்டார். “எத்தனை வருஷமா குடிக்கிறாரு? மறைக்காதீங்கம்மா.” என் புடவை முழுக்க அவர் ரத்தம். “குடிக்க மாட்டார்னு சொல்றேன்ல!” என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் ரத்த நரம்பெல்லாம் வீங்கி, ஒன்று வெடித்திருந்தது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் ஸ்கேனைப் பார்த்த கல்லீரல் டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னது சரிதான். இது குடியால வந்த மாதிரி இல்ல. தான்சானியாவுல இருந்தார்னு சொன்னீங்களே, அங்க ஏரி, ஆத்துல குளிச்சிருக்காரா?”

“தெனமும், டூட்டி முடிஞ்சதும்.”

மலப் பரிசோதனையில் புழு முட்டை இருந்தது. அந்த ஏரி நத்தையிலிருந்து வரும் புழு, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகுமாம். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் வருஷக்கணக்கில் குடியிருக்கும். முட்டைகள் கல்லீரலில் சிக்கி, சுற்றிலும் தழும்பு கட்டும். வழி அடைபட்ட ரத்தம் வேறு வழி தேடும். அப்படித்தான் உணவுக்குழாய் நரம்பு வெடித்திருக்கிறது. “அதே மாத்து வழில முட்டை நுரையீரலுக்கும் போயிருக்கு. அங்க ரத்தக்குழாய்ல பிரஷர் ஏறிப்போச்சு. அதான் மூச்சு வாங்குது.”

ஒரு வருஷமாக என் பக்கத்திலேயே இருந்த மனுஷனுக்குள் இவ்வளவும் நடந்திருக்கிறது! டாக்டரம்மா அடுத்ததாகக் கேட்டார்: “நீங்களும் எறங்கினீங்களாம்மா?”

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று துணி அலசியிருக்கிறேன். பரிசோதித்ததில் எனக்கும் முட்டை இருந்தது.

மாத்திரையில் புழு செத்துவிட்டது. என் கல்லீரல் தப்பித்தது. அவருக்குத் தழும்பு போகாது. இன்னும் இரண்டு முறை வளையம் போட்டார்கள், நுரையீரலுக்குத் தினமும் மாத்திரை. பாரம் தூக்கக் கூடாது. முதுநகரில் உட்கார்ந்தபடி பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார்.

பிச்சாவரம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் துடுப்புப் படகில் உட்கார முடியாது. இந்தப் புழுவுக்கு அங்கே பயப்பட வேண்டாம். ஆனால் ஆப்பிரிக்காவில் ஏரியிலோ ஆற்றிலோ இறங்கியவர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், பல வருஷம் ஆகியிருந்தாலும், டாக்டரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

பரிசோதனை முடிவு வந்த அன்று சாயங்காலம், எழுந்து உட்காரவே தெம்பில்லாத அவர் என் செல்லைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கூட வேலை பார்த்த குறிஞ்சிப்பாடிக்காரர் இன்னும் அந்த ஏரிக்கரையில்தான் குடும்பத்தோடு இருந்தார்.

“மச்சான், பசங்க எங்க? ஏரியிலயா? காரணம் அப்பறம் சொல்றேன். மொதல்ல அவுங்கள வெளிய கூப்புடு.”

போனில் குறிஞ்சிப்பாடிக்காரர் ஓடும் சத்தம் கேட்டது.