ரெஜினா அக்காவுக்காக வெட்டிய மேஜை

சென்ற சனிக்கிழமை காலை, தையல் மெஷின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து அக்காவின் மகன் டேனியல் போனில் பேசினான். "அத்தை, அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்றான். பேரனின் ஞானஸ்நானத்துக்காகப் போயிருந்தார் ரெஜினா அக்கா. தாம் தைத்த குயில்ட்டில் குழந்தையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாராம். பிரியாணியில் உப்பு கம்மி என்று குறை சொன்னாராம். பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

என் முன்னால் மெஷினில் அவர் பாதியில் விட்டுப்போன இன்னொரு குயில்ட் இருந்தது. ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. "ஊசி கீழ இருந்தாதான் துணி நகராது. நான் வர்ற வரைக்கும் கை வெக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறியிருந்தார்.

அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் காலமானபின், வேலூரில் நான் தனியாக இருக்கக் கூடாதென்று ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் வந்து சேர்ந்தார். நான் கான்வென்ட்டில் கைத்தையல் பயின்றவள். என் தையலைப் புரட்டிப் பார்த்து, "அழகாத்தான் கீது. இந்த ஸ்பீடுல தெச்சா, ஷூ முடியறதுக்குள்ள போட்டுக்கறவன் காலு வளந்துடும்" என்றார். அன்று முழுவதும் நான் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பை வைத்து, மூன்றும் ஒன்றாக நிற்கும்படி மேலெல்லாம் தையல் ஓட்டினால் அது குயில்ட். கையால் தைத்தால் மாதக்கணக்காகும். அக்கா மெஷினில் தைத்தார். படுக்கையறை மூலையில், ஒரு சிறு ஸ்டூல்மேல் மெஷினை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து தைப்பார். கனத்த துணி ஒருபக்கம் சரிந்து தரையை நோக்கி இழுக்கும். அதைத் தோளால் தாங்கிக்கொண்டே தைத்ததில் அவருக்குக் கழுத்துவலி வந்தது. டாக்டர் தையலை விடச் சொன்னார். டேனியல், "பெங்களூருக்கு வந்துடுங்கம்மா" என்றான். அக்கா பெட்டியைக் கீழே இறக்கினார்.

"தைக்காம இங்க உக்காந்து இன்னா பண்றது? உன் மூஞ்சியவா பாத்துனு இருக்கறது?"

அவர் போனால் இந்த வீட்டில் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "சாப்பாட்டு அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அங்கே வைத்துத் தைக்கலாமே" என்றேன்.

அங்கே என் கணவர் ஆசையாகச் செய்த தேக்குச் சாப்பாட்டு மேஜையை அக்கா சுற்றி வந்தார். "வெக்கலாம். ஆனா மெஷின் மேஜைக்குள்ள இறங்கி, அதோட தளமும் இதோட தளமும் ஒண்ணா நிக்கணும். அப்பதான் துணி சரியாது. இத நீ வெட்ட வுடுவியா? கோயில் பீடம் மாதிரி தொடச்சி வெச்சிகீற."

மறுநாள் லாங் பஜாரிலிருந்து தச்சரை வரவழைத்தேன். அவர் ரம்பத்தை வைத்துவிட்டு மேஜையைத் தடவினார். "ஒரிஜினல் தேக்கும்மா. இன்னொரு தபா யோசிச்சிக்கோங்க."

"கோடு நேராக இருக்கட்டும். வெட்டுங்கள்" என்றேன்.

மெஷின் அந்தப் பள்ளத்தில் இறங்கியது. துணியின் கனத்தைத் தாங்க இடதுபக்கம் இன்னொரு மேஜையை ஒட்டிப் போட்டோம். கம்பெனியிலிருந்து கழித்துக்கட்டிய, ஏற்றி இறக்கும் நாற்காலி ஒன்றை அக்கா ஆம்பூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார். முழங்கை மடங்கி மேஜையில் இயல்பாக அமரும்வரை அதன் திருகைத் திருகினார். கால் பெடல் வழுக்காமலிருக்க அதன் அடியில் தோல் துண்டை ஒட்டினார். மேலே சுற்றும் விசிறி வெட்டிய துண்டுகளையெல்லாம் பறக்கடித்ததால், காலுக்கு மட்டும் காற்று வரும்படி மேஜை விசிறியைத் தரையில் வைத்தோம். வேலூர் வெயிலிலும் அந்த மூலை சுகமாக இருந்தது. கழுத்துவலி மெல்லக் குறைந்தது. நாங்கள் இருவரும் சமையலறைப் பலகையில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். எதிரெதிரே அல்ல, பக்கத்துப் பக்கத்தில்.

டேனியல் மறுபடி அழைத்தபோது அக்கா போனில் சத்தமாகச் சொன்னார்: "என் அளவுக்கு மேஜைய வெட்டியாச்சுடா. பேஜார் பண்ணாத." பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வாயால 'இருங்கக்கா'ன்னு வராது. தேக்குல ஓட்ட போடுவ" என்றார். "தச்சர் கோணலாக வெட்டியிருக்கிறார்" என்றேன். அப்படி ஒன்றும் கோணலில்லை.

பேரனுக்கான குயில்ட்டை முதலில் தைத்தார். முடித்து அலசியபோது தையல் ஓடிய ஒரு வரி முழுவதும் துணி பிளந்துகொண்டது. அக்கா ஊசியைக் கழற்றிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பழக்கதோஷத்தில் அந்தக் கடைசி வரிக்குத் தோல் தைக்கும் ஊசியை மாட்டியிருந்தார். அதன் முனை சிறு கத்தி. தோலில் வழி திறக்கும். பருத்தியில் துணியின் இழையையே அறுக்கும்.

"பிரித்துப் புதிதாகத் தைப்பதுதான் முறை" என்றேன்.

"உன் முறைய கான்வென்ட்லயே வெச்சிக்கோ." பிளந்த வரி நெடுக இலை வடிவில் பச்சைத் துணிகளை வைத்துத் தைத்தார். ஒரு கொடி ஓடியது. டேனியல் அனுப்பிய படத்தில் குழந்தை அந்தக் கொடியின் ஓர் இலையைக் கையில் பிடித்திருக்கிறான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் டேனியல் தயங்கிக்கொண்டே, "மேஜைய திரும்ப சரி பண்ணிடட்டுமா அத்தை?" என்று கேட்டான். வேண்டாமென்றேன்.

நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் அக்காவைவிட உயரம். முழங்கால் மேஜையில் இடித்தது. அவர் வைத்த அளவை மாற்ற மனமில்லாமல் அப்படியே குனிந்து உட்கார்ந்தால் அவர் என்ன சொல்லித் திட்டுவார் என்பது எனக்குத் தெரியும். திருகைத் திருகினேன். என் முழங்கை மேஜையில் சரியாக அமர்ந்தது. காலடியில் விசிறி ஓடியது. ஊசி அவர் விட்ட இடத்திலேயே இருந்தது, துணி நகரவில்லை. அங்கிருந்து தைக்கத் தொடங்கினேன். வேகமாக அல்ல.

நன்றாக இருந்தீர்கள் அக்கா. நன்றாகப் போய் வாருங்கள்.