ஓடை கலங்கிய ஆடிப் பதினெட்டு

வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்தபோது பென்னலூரிலிருந்து ரோஸ்லின் அக்காவின் மகள் ஜெனியின் போன் வந்தது. "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அக்காவை மாதா கோயில் பாட்டுக்குழுவில் அறிந்தவர்கள் உங்களில் பலர். நான் அவரைக் காட்டில் அறிந்தவள்.

ஒரகடம் கம்பெனி எங்கள் வீட்டுக்காரர்களைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியபோது நாங்களும் கூடப் போனோம். மலைகளுக்கு நடுவே சின்ன ஊர். ஆண்கள் ஷிப்டுக்குக் கிளம்பியதும் தெருவில் ஆள் சத்தமே இருக்காது. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா, கரடி விலகிப் போவதற்காக ஆளுக்கொரு மணியை எங்கள் இடுப்பில் கட்டிவிட்டார். ஓடை கலங்கினால் மேலே ஏறிவிட வேண்டும் என்றும் கைகளாலேயே காட்டினார்.

"கோயில் மாடு மாதிரி மணி ஆட்டிக்கினு போறோம். கரடி வந்து பொங்கல் கேக்கப் போவுது" என்பார் அக்கா. தேவதாரு மரங்களுக்குள் அவர் முன்னே நடப்பார். திரும்பும் வழிக்காகப் பாலங்களை எண்ணியபடி நான் பின்னே போவேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. தண்ணீருக்குப் படைக்காமலிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. "வா, உன் சாமிக்கு நான் காவல்" என்று அக்காவும் வந்தார். அவர் கரையில் நிற்க, நான் கல் கல்லாகத் தாவி ஓடை நடுவிலிருந்த பாறையில் மஞ்சளும் பூவும் எலுமிச்சைச் சாதமும் வைத்தேன். எங்கள் தலைக்கு மேல் வெயில். மலையுச்சி மட்டும் கறுத்திருந்தது. கற்பூரம் ஏற்றும்போது தண்ணீர் பழுப்பாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன.

"பாருங்கக்கா, புதுத் தண்ணி. அம்மா வந்துட்டா" என்று கைகூப்பினேன். பாலாற்றில் செந்தண்ணீர் வந்தால் திரண்டு போய்க் கும்பிடும் ஊரில் வளர்ந்தவள் நான். அது பயப்பட வேண்டிய நிறம் என்று தோன்றவில்லை.

"சாந்தி, எய்ந்து வா."

"ஆரத்தி ஒண்ணுதான்க்கா..."

"வாடி இங்க."

அதுவரை அவர் என்னை 'டி' போட்டதில்லை. திரும்பினேன். தாவி வந்த கற்களில் மூன்றைக் காணவில்லை. கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா ஒரு வேரைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கி, துப்பட்டாவை வீசினார். "சாமியை அப்பறம் கும்பிடு. கண்ணைத் தொறந்து என்னைப் பாரு."

அதன் முனையைப் பிடித்து இறங்கினேன். இரண்டாம் அடியிலேயே வழுக்கி இடுப்பு வரை போய்விட்டேன். அவர் இழுத்த இழுப்பில் அவருடைய முழங்கால் பாறையில் மோதியது அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. மேலே ஏறிப் பார்த்தபோது நடுப்பாறை தெரியவில்லை.

சாமி குற்றமோ என்று அழுதேன். "தண்ணி ஏறிச்சி, நாமளும் ஏறிட்டோம். அவ்ளோதான்" என்றார். ஆண்களிடம், "நான்தான் வழுக்கி உழுந்தேன், இவ தூக்கிவுட்டா" என்று சொல்லிவிட்டார்.

கடைசிவரை அவர் நொண்டியபடிதான் படி ஏறினார். கேட்டவர்களுக்கெல்லாம் "வயசாவுதுல்ல" என்பதே பதில். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வயதால் அல்ல, என்னால்.

இன்றும் நான் கண்ணைத் திறந்துதான் கும்பிடுகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அது. சவப்பெட்டியை மூடும் முன் அந்த முழங்காலைத் தொட்டு, கண்ணைத் திறந்தபடியே கும்பிட்டேன். ஏன் என்று ஜெனி கேட்கவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன்.