பூட்டு மாஸ்டரின் வெறும் படங்கள்

பூட்டு மாஸ்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தது அவருடைய மச்சினிதான். அதையும் பட்டமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அந்த மாதிரி ஆள்.

தொழில், ஜாவாவில் இணையச் செயலி எழுதுவது. ஒரு ஸ்கேன் மையத்துக்கு அவர் கட்டிக்கொடுத்த செயலியின் வாசலைப் பார்த்தால் கோட்டைகளே வெட்கப்படும். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேண்டும், சின்ன எழுத்து வேண்டும், எண் வேண்டும், நட்சத்திரக் குறி வேண்டும். போன முறை வைத்ததன் சாயல்கூட இருக்கக் கூடாது. மறந்துபோனால் நேரில் கவுன்டருக்கு வந்து, அடையாள அட்டையைக் காட்டித்தான் புதிது வாங்க வேண்டும். ஒரு நோயாளி பாஸ்வேர்டை யோசித்து முடிப்பதற்குள் அவருடைய சிறுநீரகக் கல் தானே கரைந்துவிட்டதாம். நான் அப்படியே நம்பினேன்.

அந்தக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள்தான் மச்சினி, மனைவியின் தங்கை. அக்கா வீட்டில் ஒண்டியிருந்தாள். மாஸ்டர் வீட்டில் ஒண்டுவதென்றால், குளியலறை விளக்கை அணைத்தாயா என்பதில் தொடங்கி, சோப்பு எப்படி இவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்பதுவரை தினமும் விசாரணை உண்டு. இந்த வேலை நிலைத்துவிட்டால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் அவளுடைய ஒரே கனவு.

அதில்தான் மண் விழப் பார்த்தது. ஸ்கேன் எடுத்துப்போன ஒரு பெண்ணின் வயிற்றுப் படம் அவளுடைய அலுவலகத்துக் கைப்பேசிகளில் எல்லாம் வலம்வந்தது. கணவனிடம்கூட இன்னும் சொல்லாத கர்ப்பத்துக்கு, கூட வேலை செய்பவர்கள் கை குலுக்கினார்கள். அவள் நேரே மையத்துக்கு வந்து, முதலாளியான டாக்டரம்மாவின் மேசையில் கைப்பேசியை வைத்தாள். மாஸ்டரை வரவழைத்தார்கள். அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"என் வாசலைத் தாண்டி ஈகூட உள்ள போகாது மேடம். பாஸ்வேர்டை யாரோ வெளிய குடுத்திருக்காங்க. கவுன்டர்ல கேளுங்க."

கவுன்டரில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாதா? காலையில் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

"நான் குடுத்ததை நீங்க பாத்தீங்களா அத்தான்?" என்றாள் மச்சினி.

"வேலை செய்யற இடத்துல அத்தான் கித்தான்னு கூப்பிடாத."

"வீட்டுலயும் கூப்பிட ஆசையில்ல."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி, உங்க வாசலை எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

மாஸ்டருக்கு ஒரே குஷி. டாக்டரம்மாவின் கணினியில் திறந்திருந்த செயலியிலிருந்து வெளியேறினார். பிறகு அறிக்கைப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். பெரிய பூட்டு ஒன்று சுழன்றபடி வந்து பாஸ்வேர்டு கேட்டது. "பாத்தீங்களா?"

டாக்டரம்மா, அந்தப் பெண்ணின் கைப்பேசியில் படத்தோடு வந்திருந்த இணைய முகவரியை அப்படியே தட்டினார். வயிற்றுப் படம் மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது.

"இதுக்கு ஏன் பாஸ்வேர்டு கேக்கல?"

"அது பக்கம் இல்ல மேடம். வெறும் படம்தானே."

ஸ்கேன் மையத்துக்குள் நின்றுகொண்டு சொன்ன வார்த்தை இது. படத்தைத் தவிர அங்கே வேறு என்ன சரக்கு இருக்கிறது?

ஜாவா செயலியில் வெப்-இன்ஃப் என்று ஓர் உள்ளறை உண்டு. அதில் வைத்ததை முகவரி தட்டி எவரும் எடுக்க முடியாது. செயலியே பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்த அறையில் மாஸ்டர் பத்திரப்படுத்தியது வெற்றுப் பக்கங்களை, அதாவது கட்டத்தையும் கோட்டையும். நோயாளிகளின் படங்களையோ, மையத்தின் சின்னத்தோடும் பொத்தான் படங்களோடும் சேர்த்து வெளி ஃபோல்டரில் கொட்டிவைத்திருந்தார். வருகிறவரை நிறுத்தி விசாரிக்க ஃபில்டர் என்று ஒரு காவல்காரன் இருந்தான். படம் கேட்டு வந்தால் விட்டுவிடு என்று அவனுக்கு உத்தரவு. நிறுத்தினால் வேகம் குறைந்துவிடுமாம். போதாததற்குப் படங்களுக்கு வரிசையாக எண்ணையே பெயராக வைத்திருந்தார்.

டாக்டரம்மா முகவரியின் கடைசி எண்ணை மாற்றினார். யாரோ ஒருவரின் முழங்கால் வந்தது. மறுபடி மாற்றினார். ஒரு தோள்பட்டை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மச்சினிக்கு அன்றைய வரிசை நினைவு வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு தள்ளுங்க மேடம். அடுத்தது அத்தானோட வயிறு. கல்லுக்காக வந்தாரு."

மாஸ்டர் பாய்ந்து உள்ளங்கையால் திரையைப் பொத்தினார். ஊரார் வயிறெல்லாம் திறந்துகிடந்தபோது அசையாத கை.

"எடுங்க கையை," என்றார் டாக்டரம்மா. "வெறும் படம்தானே."

மச்சினியின் நாற்காலி தப்பியது. மாஸ்டர் படங்களையெல்லாம் உள்ளறைக்கு மாற்றினார். டாக்டரும் படத்துக்கு உரியவரும் தவிர யாருக்கும் காட்டாதே என்று காவல்காரனுக்குப் புது உத்தரவு போட்டார். மன்னிப்பு மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வீட்டில் மனைவியிடம், "செயலியை நவீனமாக்கிட்டேன்" என்றார்.

"என் தங்கச்சிமேல பழி போட்டீங்களே, அதுவும் நவீனமா?" என்று கேட்டுவிட்டு அவள் விளக்கை அணைக்காமலே போனாள்.

மச்சினி தனி அறைக்குக் குடிபோன பிறகு மாஸ்டரின் கல் மறுபடி குத்தியது. பழைய படம் வேண்டும், பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. கவுன்டர் வரிசையில் நின்றார்.

"பேரு?" என்றாள் மச்சினி.

"விளையாடறியா? என்னை உனக்குத் தெரியாது?"

"படத்தைப் பாத்தா தெரியும் அத்தான். அதைப் பாக்க எனக்கு அனுமதி இல்லைன்னு நீங்கதானே எழுதிவச்சீங்க. அடையாள அட்டையை எடுங்க."

அட்டை வீட்டில் இருந்தது. பின்னால் நின்றவர், கொஞ்சம் விலகி நிற்கும்படி மாஸ்டரிடம் சொன்னார்.