பழனியப்பனின் தாடி

போன வாரம் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடைக்காரப் பையன் என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒரு மாசம் விட்டுப் பாருங்க. வெள்ளைத் தாடிக்கு இப்ப மவுசு ஜாஸ்தி" என்றான். ஒருமுறை விட்டுப் பார்த்து ஊரே சிரித்தது தம்பி என்றேன். அவன் நம்பவில்லை. சவரம் முடிந்ததும் ஏதோ நீலத் தண்ணீரை முகத்தில் தெளித்தான். எனக்குப் படிகாரத்தின் வாசனை நினைவுக்கு வந்தது. படிகாரத்துக்கு ஏது வாசனை என்று கேட்பீர்கள். வேப்ப மரத்தடியில் குந்திக்கொண்டு, ஈர முகத்தில் தேய்க்கக் கொடுத்தால் அதற்கு ஒரு வாசனை உண்டு. எருத்தேன்பதியில் ரங்கனிடம் சவரம் செய்துகொண்டவர்களுக்கு அது தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கிறிஸ்தவ வேதப் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு, என்னை உபதேசியாராக அந்த ஊருக்கு அனுப்பினார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பாலக்காட்டுக்குக் கிழக்கே இப்படி ஒரு தமிழ் ஊர் இருப்பதே அன்றுதான் தெரியும். "அங்கே எதிர்ப்பு இருக்கும், ஜாக்கிரதை" என்று பாதிரியார் சொல்லி அனுப்பினார். எனக்கு அது ஆசை காட்டியதுபோல் இருந்தது. கல்லெறி வாங்கிய பரிசுத்தவான்களின் கதைகளைப் படித்துப் படித்து, ஒரு சின்னக் காயமாவது பட்டுவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த வயது. பையில் வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு டிஞ்சர் புட்டியும் பஞ்சும் வைத்திருந்தேன். முன்யோசனைக்காரன்.

ஊரார் என்னை ஏமாற்றிவிட்டார்கள். நான் முச்சந்தியில் நின்று தாளத்தைத் தட்டிப் பாடினால், யாராவது ஒருவர் சொம்போடு வந்துவிடுவார். "ஏனுங் உபதேசியாரே, வெயில்ல இந்தக் கத்துக் கத்தறீங்களே. மோரக் குடிச்சுப்போட்டுக் கத்துங்க." மோரில் கொத்தமல்லியும் பெருங்காயமும் இருக்கும். குடித்த பிறகு நரகத்தைப் பற்றிக் கோபமாகப் பேச வராது. மாதங்கள் போயின. உடம்பு தேறியதுதான் மிச்சம்.

அந்த ஊரில் என் பேச்சைக் கேட்டு மனம் திரும்பியவர் ஒரே ஒருவர். கொஞ்சம் சோளக்காடும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்த குடியானவர். தினமும் சாயங்காலம் என்னோடு வாதாட வருவார். வாதாடி வாதாடி ஒருநாள் நம்பிவிட்டார். ஞானஸ்நானத்தில் அவருக்குத் தாவீது என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரை நான் ஒருவன்தான் கூப்பிட்டேன், அதற்கும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பெற்றவர்கள் இட்ட பெயர் பழனியப்பன். கடைசிவரை பழனியப்பன்தான்.

எதிர்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் என் மேல் வரவில்லை. அந்தப் பக்கத்தில் பெரிய நிலக்காரரைப் பண்ணாடி என்பார்கள். எருத்தேன்பதிப் பண்ணாடி பழனியப்பனுக்குப் பங்காளி, அண்ணன் முறை. அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஊர் பழனியப்பனை விலக்கிவைத்தது. ரங்கன் அவருக்குச் சவரம் செய்யக் கூடாது. வண்ணார் துணி எடுக்கக் கூடாது. ஊர்க் கிணற்றில் வாளி விடக் கூடாது. கடையில் உப்புக்கூடக் கிடையாது. காட்டு வேலைக்கு ஆள் போகக் கூடாது.

நான் பண்ணாடி வீட்டுக்கு ஓடினேன். இப்போதாவது அடிப்பார் என்று ஒரு நம்பிக்கை. அவர் கட்டிலில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார்.

"உங்கள ஆரும் ஒண்ணுஞ் சொல்லுலீங்களே. உங்களுக்கு அது சோறு போடற வேல, செஞ்சுக்குங்க. இவன் என்ற பங்காளி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமில்லீங்க?"

சொல்லிவிட்டு, "காப்பி குடிக்கறீங்களா?" என்றார். குடித்தேன்.

பழனியப்பனின் மனைவி மாராத்தாள் கிறிஸ்தவள் ஆகவில்லை. ஆனால் தண்டனையில் பாதிக்கு மேல் அவள் தலையில்தான் விழுந்தது. தூரத்தில் இருந்த வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். வரும் வழியில் அழுவாள். கிணற்றடியில் அவளோடு சிரித்துப் பேசிய பெண்கள் இப்போது அவளைக் கண்டால் கயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

அவளுடைய அண்ணன் குமுளிக்குப் பக்கத்தில் சக்குபள்ளத்தில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலையாக இருந்தார். இங்கே வந்துவிடுங்கள் என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். காட்டில் சோளம் முற்றி நின்றது. கிளிகளுக்கு மட்டும் கட்டுப்பாடு கிடையாது; கூட்டமாக வந்து தின்றன. மாராத்தாள் ஒருநாள் என் முன்னாலேயே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"தைப்பூசத்துக்குள்ள அறுக்க ஆள் வந்தாச் சரி. இல்லீன்னா நானு குமுளி பஸ்ஸு ஏறறது ஏறறதுதானுங்க. இவரு இங்கயே கெடந்து செபம் பண்ணட்டும்."

பழனியப்பன் காட்டுப் பக்கம் பார்த்தார். அப்பா வெட்டிய வாய்க்கால், தாத்தா கல் பொறுக்கிய காடு. ஏலமலைக்குப் போனால் யாருக்கோ கூலி. அவர் தாடியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி அதற்குள் நெஞ்சைத் தொட ஆரம்பித்திருந்தது.

எனக்கோ தினமும் படிகாரம் தேய்த்த மழமழ முகம். அதை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் முழங்காலிடக் கூச்சமாக இருந்தது. அவருக்குச் சவரம் இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று ரங்கனிடம் அறிவித்தேன். பெரிய தியாகம்தான். ஆனால் முகவாயில் இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்ததே தவிர, தாடி என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. "ஆடு மேஞ்ச காடாட்ட இருக்குதுங்க" என்றான் ரங்கன். தியாகத்துக்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க நாங்கள் வேலந்தாவளம் சந்தைக்கு நடந்து போவோம். அன்று நாங்கள் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். பழனியப்பனுக்கு நெஞ்சுவரை தாடி. வண்ணார் இல்லாததால் வேட்டியைச் செம்மண் வாய்க்காலில் துவைத்துத் துவைத்து அது நல்ல காவியாகிவிட்டிருந்தது. அறுந்த செருப்பைத் தைத்துக்கொடுக்க ஆள் இல்லாததால் வெறுங்கால். பின்னால் நான், தோளில் பை, கையில் தாளம். அது தைப்பூசத்துக்கு முந்திய வாரம்.

சந்தை ஓரத்தில் ஒரு பெண் ஓடிவந்து பழனியப்பன் காலில் விழுந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, அதன் கண்ணைத் துணியால் கட்டியிருந்தாள்.

"பழனிக்குப் போறீங்களாங்க சாமீ? ஏனுங், உங்க பேரு?"

மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பழனியப்பனுங்க" என்றார்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகனே வந்தாப்புல இருக்குதுங்க. புள்ளைக்குக் கண்ணு நோவு. நேந்துக்கிட்டனுங்க, கொண்டுபோகத்தான் ஊட்டுல ஆம்பள இல்ல. இதைச் சேத்திருங்க சாமீ." ஒரு துணி முடிச்சை அவர் கையில் வைத்து அழுத்தினாள். அவர், "அம்மிணீ, நாங்க வந்துங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது, அவள் ஓடிப்போய் ஏறிவிட்டாள். முடிச்சுக்குள் வெள்ளியில் ஒரு சின்னக் கண்மலர். கண் போலச் செய்து, சாமிக்கு நேர்ந்துகொண்டு செலுத்துவார்களே, அது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத்தான் கலக்கம். முருகனுக்கு நேர்ந்ததை ஒரு விசுவாசி மடியில் வைத்திருக்கலாமா? வேதப் பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பாடமும் நடத்தவில்லை.

"அண்ணாச்சி, பேசாம ஆத்துல போட்டுருவோமா?" என்றேன்.

பழனியப்பன் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "உபதேசியாரே, இது அந்தப் புள்ளயோட கண்ணுங்க" என்றார்.

நேராகப் பண்ணாடி வீட்டுக்குப் போனார். விலக்கப்பட்டவர் வாசலைத் தாண்டக் கூடாது. வெளியிலேயே நின்று, "ஏனுங்ணா" என்று கூப்பிட்டார். பண்ணாடி வெளியே வந்தார். அவரும் பழனிக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்த்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காவி வேட்டி, வெறுங்கால். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றபோது யார் முருக பக்தர், யார் வேதக்காரர் என்று புதிதாக வந்தவர் சொல்லியிருக்க முடியாது. சொல்லப்போனால் பழனியப்பனுக்குத்தான் களை அதிகம்.

"இதைக் கோயல்ல சேத்தோணுமுங்க. தெரியாம எங்கையில குடுத்துட்டாங்க. நீங்க போறீங்கில்ல."

பண்ணாடி கதையைக் கேட்டார். கண்மலரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, சாமிய வேண்டாம்னு போனவனுக்கு இதுல என்ன அக்கற?"

"அந்தப் புள்ளைக்கு நல்லாவோணுமுங்களேண்ணா. நானும் எம்பட சாமிகிட்டச் சொல்லறேன். நீங்க உங்க சாமிகிட்டச் சொல்லுங்க."

பண்ணாடி முகத்தில் என்ன வந்து போனதென்று அந்தத் தாடிக்குள் தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலைக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"ரங்கன வரச் சொல்லு. மொதல்ல இவனுக்குச் செரைச்சு உடோணும். இவன இப்புடியே சுத்த உட்டா, சந்தைக்கு வர்ற சனமெல்லாம் பழனிக்கு நேந்தத இவங்கிட்டக் குடுத்துப்போடும். முருகனுக்கு ஒண்ணும் போய்ச் சேராது." பிறகு அவரிடமே என்னைக் காட்டினார். "இந்த ஆட்டுத் தாடியும் எடுத்துரச் சொல்லு. பாக்கச் சகிக்கல."

கட்டுப்பாடு நீங்கியது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் ரங்கன் தொட்ட முகத்தை ஊர் ஒதுக்கமுடியாது. மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு ஆட்கள் காட்டுக்கு வந்தார்கள். மாராத்தாள் கட்டிவைத்த பாத்திரங்களை அவிழ்த்து, எல்லாருக்கும் கூழ் காய்ச்சினாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள் வெகு நேரம் திரும்பவில்லை. நானும் உற்சாகத்தில் அரிவாள் பிடித்தேன், விரலை அறுத்துக்கொண்டேன். உபத்திரவத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து சுமந்து வந்த டிஞ்சர் கடைசியில் சோளத் தட்டுக்குச் செலவாயிற்று. எரிச்சல் தாங்காமல் நான் குதித்ததைப் பார்த்துப் பண்ணாடி விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு என்னை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். பாலக்காட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் பழனியப்பன் வீட்டில் தங்குவேன். சாயங்கால செபத்தில் மழை, மாடு, மக்கள் எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு வரி தவறாமல் வரும்: "வேலந்தாவளம் சந்தைப் புள்ளையோட கண்ணு, ஆண்டவரே." அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்திருக்கும் காலத்திலும் அவருக்கு அது இடுப்பில் இருந்த பிள்ளைதான். கண் சரியாயிற்றா என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ரங்கனின் வேப்ப மரம் இருந்த இடத்தில் இப்போது கோழித் தீவனக் கடை. பண்ணாடியின் பேரன்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தாடி, ஒருவருக்கும் நேர்த்திக்கடன் இல்லை. பழனியப்பன் போய்ச் சேர்ந்தார், பின்னாலேயே மாராத்தாளும். சோளக்காட்டை விற்றாயிற்று, வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தச் செபமும் அங்கே நின்றுபோயிற்று.

அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். கண்ணில் புரை விழுகிற வயது. அதற்காக ஆண்டவரிடம் கேட்க ஆள் இல்லையே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெயர் தெரியாததால், நானும் சந்தைப் பிள்ளை என்றே சொல்லிக் கேட்கிறேன்.