அலைமேல் வருபவனுக்கு ஒரு முடிவு

நாசரேத்தில் ஜெபிஷாவின் வீட்டில் பேய், பிசாசு என்று பேச்செடுத்தாலே அம்மா முகம் சுளிப்பாள். அப்பா கிருபாநிதி தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ஜீவமணி ஓய்வுநாள் பாடசாலையில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அந்த வீட்டுப் பெண்தான் புனைபெயர் ஒன்றில் ஒளிந்துகொண்டு, கைபேசிச் செயலியில் ஒரு பேய்க்காதல் தொடரை எழுதிவந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு வேலை. துறைமுகத்துக்கு வந்திறங்கும் முந்திரிக்கும் மரத்தடிக்கும் சுங்கக் காகிதம் தயார் செய்ய வேண்டும். வாரநாளில் மகளிர் விடுதியில் தங்குவாள், சனிக்கிழமை ஏரல் வழி பஸ்ஸில் ஊருக்குப் போவாள். நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் ஒன்று காரணமே சொல்லாமல் முறிந்துபோன பிறகு, அந்த பஸ் பயணங்களில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் ஓடிக்கொண்டிருக்க, கைபேசியில் எழுதத் தொடங்கினாள்.

‘அலைமேல் வருபவன்’ என்று பெயர் வைத்தாள். புதிதாக எதுவும் அதில் இல்லையென்று அவளுக்கே தெரியும். தாய்தகப்பன் இல்லாத ஒரு பெண் கடற்கரை ஊர்க் கல்லூரியில் வந்து சேர்கிறாள். கடைசி பெஞ்சில் ஒருவன். அவன் கை எப்போதும் குளிர்ந்திருக்கும், வெயிலில் நின்றால் நிழல் விழாது. இவள் மணிக்கட்டில் முத்துப்போல ஒரு மச்சம், போன பிறவியின் அடையாளம். அவனோ எப்போதோ முத்துக்குளிக்கப் போய் மேலே வராதவன். பௌர்ணமியன்று கடலைப் பார்த்து விளக்கேற்றி, மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கரையேறி வருவான். இதெல்லாம் அவள் படித்த பத்துப் பதினைந்து கதைகளில் இருந்து உருவி எடுத்ததுதான். “இதே கதையை எத்தனை வாட்டி படிச்சாச்சு, ஆனாலும் விட முடியல சிஸ், அடுத்தது சீக்கிரம் போடுங்க” என்று வாசகிகள் எழுதினார்கள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவர்களில் ‘கடல்பூ’ என்ற பெயரில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்பாள். விளக்கு எண்ணெய் விளக்காக இருக்க வேண்டுமா, மெழுகுதிரி போதாதா? பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமா, மனதுக்குள் சொன்னால் கேட்காதா? ஜெபிஷா ஆபீஸ் வேலைக்கு நடுவே சிரித்துக்கொண்டே பதில் போட்டாள்: “நல்லெண்ணெய் விளக்குதான் வேணும். காத்துல போறமாதிரி சத்தமா கூப்பிடணும்.” போட்டதை அன்றைக்கே மறந்தும் போனாள்.

ஒருநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போகும் நேரம், ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்த முகம், கையில் மீன்கூடை வாடை.

“ஏ பிள்ள, கதை எழுதுத பிள்ள நீதானா?”

ஜெபிஷா பதறிப்போய் அவளை வெளியே மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். செயலியில் ஊர் தூத்துக்குடி என்று போட்டு, ஆபீஸ் பெயர்ப்பலகை தெரியும் விழாப் படத்தையும் போட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்தவள் பெயர் ஆக்னஸ், வீடு திரேஸ்புரத்துக் கடற்கரையில். அவள் தம்பி பெர்சி சங்கு குளிக்கப் போனவன். தை மாதம் முங்கியவன் மேலே வரவில்லை. வள்ளங்கள் போய்த் தேடின, உடலும் கிடைக்கவில்லை.

“அவன் பொண்டாட்டி பிலோமினா. சின்னப்பிள்ள. அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்க விடமாட்டேங்கா. படத்துக்கு மாலை போட விடமாட்டேங்கா. பௌர்ணமி ஆச்சுன்னா விளக்கத் தூக்கிட்டு கரைக்குப் போயி, அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுதா. ஊரே வேடிக்கை பாக்கு. எங்கம்மா அதக் கேட்டுட்டு வாசல்ல விழுந்து அழுதா. யாரு சொன்னான்னு கேட்டா, போனைக் காட்டுதா. நல்லெண்ணெய்ன்னு நீ எழுதிருக்க.”

கடல்பூ யாரென்று ஜெபிஷாவுக்குப் புரிந்துவிட்டது. “அக்கா, அது சும்மா கதைக்கா...”

“எனக்குத் தெரியும் கதைன்னு. அவகிட்ட வந்து சொல்லு. இல்லன்னா அந்தக் கதைய முடி.”

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாமல் திரேஸ்புரம் போனாள். வலை காயப்போட்ட சந்தில் ஆக்னஸ் வழிகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பிலோமினா ஒல்லியான பெண், இருபத்திமூன்று வயது இருக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கண்ணில் மிரட்சி எதுவுமில்லை. பைத்தியத்தைப் பார்க்கப்போகிறோம் என்று பயந்து வந்த ஜெபிஷாவுக்கு அதுவே கூச்சமாகிவிட்டது.

“உட்காருங்கக்கா. ஆக்னஸ் மைனி உங்களை ரொம்பப் பேசிட்டாளோ?”

“இல்ல பிலோமினா. நான்தான் மன்னிப்புக் கேக்கணும். விளக்கு, பேர் சொல்லுதது எல்லாம் நானா எழுதுனது. அதுகூட நானா யோசிச்சதில்ல, வேற கதைங்கள்ல பாத்தது. அப்படி ஒண்ணும் கெடையாது.”

பிலோமினா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“தெரியும்க்கா. நான் பிளஸ் டூ படிச்சவ. செத்தவுக வரமாட்டாகன்னு தெரியாதா?”

“அப்புறம் ஏன்...”

“இந்த வீட்டுல அவுக பேர யாருமே சொல்லுதது இல்ல. ‘அவன்’, ‘போனவன்’, ‘பாவி’. அவ்வளவுதான். கரைக்குப் போனா வாய்விட்டு பெர்சின்னு கூப்பிடலாம். அதுக்கு ஒரு சாக்கு வேணும்ல?”

உள்ளே பெர்சியின் அம்மா இருமும் சத்தம் கேட்டது. அந்தக் கதையை எப்படி முடிக்கப்போகிறீர்கள் என்று பிலோமினாவே கேட்டாள். ஜெபிஷா உண்மையைச் சொன்னாள். எல்லாக் கதையிலும் போலத்தான்: பெண்ணின் கண்ணீர் அவன் நெஞ்சில் பட்டதும் உயிர் வந்துவிடும், கல்யாணம்.

பிலோமினாவின் முகம் முதன்முறையாக மாறியது. “அதை மட்டும் எழுதாதீங்க. அவளுக்கு வந்துட்டான்னா, எனக்கு மட்டும் ஏன் வரலன்னு ஆயிரும். நான் அழுதது பத்தலயோன்னு ஆயிரும்.”

“சரி, அவனைத் திரும்பக் கடலுக்கே அனுப்பிடட்டுமா?”

“அதையும் என்கிட்ட கேக்காதீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?”

விடுதிக்குத் திரும்பிய பிறகு பல வாரங்கள் ஜெபிஷா ஒரு வரி எழுதவில்லை. வாசகிகள் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். ஒரு பௌர்ணமி வந்து போனது. அன்று மாலை கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்து போனவள், கடலுக்குமேல் நிலா எழுவதைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். அங்கே வடக்கே ஒருத்தி நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்ற எண்ணத்தை அவளால் தாங்க முடியவில்லை. தனக்குப் பேசியிருந்தவன் உயிரோடுதான் இருக்கிறான், கோயம்புத்தூரில். அவன் பேரை அவளும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கடைசி அத்தியாயத்தை எழுதினாள். கண்ணீர் அவன் நெஞ்சில் விழுகிறது, ஒன்றும் நடக்கவில்லை. அவன் கை குளிர்ந்தே இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் அழுதா சரியாயிருமா?” என்று அவள் கேட்கிறாள். “நீ அழுததுல குறை ஒண்ணும் இல்ல” என்கிறான் அவன். இறங்கிப் போகிறான். முழங்கால், இடுப்பு, தோள் என்று தண்ணீர் ஏறுகிறது. அவள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் திரும்பவில்லை. அவள் விடிகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறாள், பிறகு கல்லூரிக்குப் போகிறாள். அத்தோடு கதை முடிந்தது.

“இப்படியா முடிப்பீங்க?”, “இதுக்கா இவ்ளோ நாள் காத்திருந்தோம்?” என்று கொட்டித் தீர்த்தார்கள். கடல்பூ மட்டும் எதுவும் எழுதவில்லை.

ஐப்பசியில் ஆக்னஸ் கைபேசியில் கூப்பிட்டாள். “பூசை வச்சிருக்கோம். வரணும்னா வா.” ஜெபிஷா போனாள். புராட்டஸ்டன்ட் ஆலயத்துக்கே போய்ப் பழகியவள், கத்தோலிக்கப் பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் கடைசி வரிசையில் தடுமாறிக்கொண்டிருந்தாள். பீடத்துக்கு முன்னால் சவப்பெட்டி இல்லை, படம் மட்டும். சாமியார் “பெர்சி” என்று பேர் சொன்னபோது முன்வரிசையில் அவன் அம்மா ஓவென்று அழுதாள். பிலோமினா அவளைப் பிடித்துக்கொண்டாள். பிலோமினா அழவில்லை.

வெளியே வந்ததும் பிலோமினா நேராக இவளிடம் வந்தாள்.

“படிச்சேன்க்கா. நல்லா எழுதிருக்கீங்க.” தலை முக்காட்டை இறக்கினாள். “இனிமே நான் கதை எதுவும் படிக்கமாட்டேன். கோவம் இல்ல. முடியல, அவ்வளவுதான்.”

நல்லது செய்தாளா, ஒரு பெண்ணுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்த ஒரே இடத்தையும் பிடுங்கிக்கொண்டாளா என்று ஜெபிஷாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒருமுறை வாயெடுத்தாள். “ஏளா, சாப்பிட வா” என்று அம்மா கூப்பிட்டதும் விட்டுவிட்டாள். அந்தச் செயலி இரண்டாம் பாகம் கேட்டு அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒருநாள் செயலியையே நீக்கிவிட்டாள்.

பிலோமினா இப்போது மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் பழைய பஸ் நிலையத்தில் சில நாள் இருவரும் எதிர்ப்படுவார்கள். வெயிலைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார்கள். இறால் உரித்து உரித்து பிலோமினாவின் விரல்நுனிகள் வெளுத்து ஊறிப்போயிருக்கும். கம்பெனி வேன் வந்ததும் “வாரேன்க்கா” என்று ஏறிப் போய்விடுவாள்.