அக்காவுக்கு வந்த மாத்திரை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியாகிய என் வணக்கம். நான் எழுதிப் பழக்கமில்லாதவன். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவன். அதோடு பெரிய பயந்தாங்கொள்ளி. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்காவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் பயத்தைப் பற்றியும் எழுதவேண்டியதாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில், நிலக்கடலை விளையும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையை ஒட்டிய வீட்டில் பிறந்தவர் அக்கா. திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டார். மகள் பள்ளிக்கூடம் சேருமுன்பே மாமா காலமாகிவிட்டார். அக்கா யாரிடமும் போய் நிற்கவில்லை. டைப்பிங் கற்றுக்கொண்டு வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார். அரசு அலுவலகங்களுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவார். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டார். "இன்னா எழுதியிருக்குன்னு தெரியாம கை வெக்காதீங்க" என்று அதட்டுவார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்தவர்கள் தவித்தாலும் விடமாட்டார்.

மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போன காலத்தில் அக்காவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. கடையில் நிற்க முடியாமல் உட்கார ஆரம்பித்தார். இரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். முதலில் கொடுத்த மருந்துக்கு நோய் அடங்கியது, பிறகு திரும்பி வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், விருப்பமிருந்தால் சேரலாம் என்று தகவல் வந்தது.

எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதை என் அக்காவுக்குக் கொடுத்துப் பார்ப்பதா என்று புலம்பினேன். குலதெய்வம் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவனும் நான்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அக்காவின் மகள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அக்கா அந்தப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"நீ இன்னான்னு கேட்ட?"

"போலாமா வேணாமான்னு கேட்டேங்கா."

"தப்பாக் கேட்டுட்ட. எனக்கு பயமா இருக்கு, தொணைக்கு வர்றியான்னு கேட்டிருக்கணும். வண்டிய எடு, போலாம்."

அந்த மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா ஒருவர் பொறுமையாக விளக்கினார். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதோடு கூடுதலாக ஒரு மாத்திரை. பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்குப் பார்க்க அதே போலிருக்கும் மாத்திரை, உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும், தனக்கே தெரியாது என்றார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அக்கா அந்தத் தாள்களை ஒரு வரி விடாமல் டாக்டரம்மாவையே படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா, இங்கயும் பூக்கட்டித்தான் பாக்கறாங்க."

அங்கேதான் மெத்தைக்கடை பாயைச் சந்தித்தோம். திருவண்ணாமலையில் பரம்பரையாக மெத்தை தைத்து விற்கும் குடும்பம். அவருக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஒரே ஊர் என்பதால் அதன்பிறகு இருவரையும் என் வேனிலேயே அழைத்துப்போய் வந்தேன்.

அந்த நாட்களில் நான் பட்ட பயத்தைச் சொல்லி முடியாது. மாத்திரை போட்டபின் அக்காவுக்குக் குமட்டினால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நிஜ மருந்துதான், அதனால்தான் படுத்துகிறது என்று நினைப்பேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் மருந்தே இல்லாத மாத்திரையோ என்று பயப்படுவேன். பாய்க்கு உள்ளங்கை உரிந்தது, அது மருந்தின் வேலை என்று எனக்குத் தோன்றியது. அக்காவின் கையை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது மழமழவென்றே இருந்தது. ஜுரம் கொஞ்சம் ஜாஸ்தியானாலும் அந்தச் சிவப்புப் பூதான் கண்முன் வந்து நிற்கும்.

ஒருநாள் செஞ்சி தாண்டி வந்துகொண்டிருந்தபோது பாய் மெல்லக் கேட்டார்.

"எனக்கு வெறும் மாவுதான் குடுக்கறாங்களோ என்னவோ. உனக்கு என்ன தோணுது தங்கச்சி?"

"யாருக்காவது மாவு வந்துதானே பாய் ஆகணும்? எல்லாருக்கும் மருந்தே குடுத்துட்டா, அது வேலை செய்யுதான்னு எத வெச்சுப் பாப்பாங்க? எனக்கு வந்திருந்தா நான் முழுங்கிட்டுப் போறேன். நீங்க பாட்டுக்கு மாத்திரையப் போடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படிப் பேசாதேக்கா" என்று கத்தினேன். பாயை இறக்கிவிட்டபின் அக்கா முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் பயந்தான்டா. பாப்பா படிப்பு முடியறதுக்குள்ள போயிடுவேனோன்னு தெனமும் பயம். நீ எந்நேரமும் பயந்துனு இருக்கறதால எனக்குப் பயப்பட எடமே இல்லாமப் போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் கியர் மேலிருந்த என் கையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

மழைக்காலத்தில் நோய் முற்றியது. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே இருக்கிறேன் என்றார் அக்கா. பேச்சு கம்மியானது. கடைசியாக என்னிடம் தெளிவாகச் சொன்னது ஒன்றுதான்: "மிச்சம் இருக்கற மாத்திரைய எடுத்துனு போய் டாக்டரம்மாகிட்ட குடுத்துடு. அவங்க கணக்கு வெக்கணும்." காரியம் முடிந்த கையோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மகளின் படிப்பு முடிய இன்னும் ஒரு பரீட்சை பாக்கியிருந்தது. அழுதுகொண்டே எழுதினாள், தேறிவிட்டாள்.

இந்த மலருக்கான வேலையைத் தொடங்கிய சமயத்தில் டாக்டரம்மா போன் செய்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அக்காவுக்கு வந்த மாத்திரை எது என்று இப்போது சொல்லலாம், தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டார். ஒரு வருஷமாக அதே நினைப்பாக இருந்தவன், அந்த நிமிஷத்தில் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த அக்காவின் மகள் போனை வாங்கி, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

அக்காவுக்கு வந்தது மருந்து இல்லாத மாத்திரை.

புது மருந்து கிடைத்தவர்களில் பலருக்கு நோய் தள்ளிப்போயிருக்கிறது, எல்லோருக்கும் இல்லை, ஆனாலும் பெரிய நம்பிக்கை என்றார் டாக்டரம்மா. அக்காவைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது என்றார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சிவப்புப் பூ சரியாகத்தான் சொன்னதா என்று ஒரு பக்கம், வெள்ளை வந்து போயிருந்தாலும் அதே மாத்திரைதானே வந்திருக்கும் என்று ஒரு பக்கம், தலை வெடித்தது. பாய்க்கு எது வந்திருக்கும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. அந்த மனிதர்மேல் அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

சில நாள் கழித்து பாய் வந்தார். தனக்கு வந்தது நிஜ மருந்து என்று டாக்டரம்மா சொல்லியும், அக்காவுக்கு வந்தது எது என்று அக்காவின் மகள் சொல்லியும் அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"உங்க அக்கா பங்கயும் சேத்து நானே தின்னுட்டேன் போலிருக்கு தம்பி. ரெண்டு நாளா மாத்திரைய எடுத்தா தொண்டையில எறங்கல. போடவே இல்ல."

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பழைய பயம் அப்படியே வந்துவிட்டது. போடாமல் விட்டால் நோய் திரும்பிவிடுமே. அக்காவுக்குத் திரும்பியதைப் பார்த்தவன் நான். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். அக்காவின் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். செஞ்சி ரோட்டில் அக்கா சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொன்னேன்: "நீங்க பாட்டுக்கு மாத்திரையப் போடுங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எங்கள் முன்னாலேயே விழுங்கினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த வேன் ஸ்டாண்டு நண்பர்களுக்கும், அக்கா படுத்தபின் கடையைப் பூட்டவிடாமல் நடத்திய பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், காரியத்தில் தோள்கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாய் அவர்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. அடுத்த பரிசோதனைக்கு விடியற்காலையில் வண்டி வாசலில் நிற்கும், தயாராக இருங்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை பாய். துணைக்கு வாருங்கள்.