ஜோயலின் தோலிலிருந்து வளர்ந்தவை

எட்டு மாதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த எங்கள் மகன் ஜோயல், பத்தாம் மாதத்தில் சரிந்து விழத் தொடங்கினான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தால் அவன் உடம்பு தூக்கிப்போடும். ஒன்றரை வயதில் பார்வையும் மங்கியது.

மதராஸ் மருத்துவமனையில் டாக்டரம்மா அவன் முன்கையிலிருந்து மிளகளவு தோலை எடுத்தார். அதிலிருந்து செல்களை வளர்த்தால்தான் எந்த நொதி (செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் புரதம்) இல்லை என்று தெரியுமாம். சில வாரங்கள் ஆகும் என்றார்.

ஊர் திரும்பிய வாரமே நிமோனியா வந்து ஜோயல் இறந்துவிட்டான். மருத்துவமனைக்கும் எழுதிப்போட்டோம். இருபது நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது: ‘செல்கள் நன்றாக வளர்கின்றன. நேரில் வரவும்.’

என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். “ஏட்டி, நாம எழுதினது போய்ச் சேரலையோ? பிள்ளைய அடக்கம் பண்ணியாச்சே. எது வளருதுங்காங்க?”

ஆய்வகத்தில், உடல் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து டாக்டரம்மா தட்டையான குப்பியை எடுத்தார். உள்ளே இளஞ்சிவப்பு நீர். வாரம் இருமுறை அதை மாற்றி உணவு கொடுக்கிறார்களாம். நுண்ணோக்கியில் பார்த்தேன். அயிரை மீன்களைப் போல நீளநீளமாகச் செல்கள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. ஒன்று மட்டும் உருண்டு திரண்டிருந்தது.

“அது ரெண்டாப் பிரியப் போகுது. பாருங்க” என்றார்.

மாறி மாறிப் பார்த்தோம். உருண்டை நடுவில் மெல்ல இடுங்கியது. பிறகு அங்கே இரண்டு இருந்தன. மூச்சுவிடவே பயமாக இருந்தது.

“இது எங்க ஜோயலா, டாக்டர்?” என்று கணவர் கேட்டார்.

“ஜோயல்னு சொல்ல மாட்டேன். ஜோயலோடது. உயிரோட இருக்கு.”

நொதி இல்லை என்பது உறுதியாகியிருந்தது. கணவர் என் அத்தை மகன். குறை இருவரிடமும் மறைந்திருக்கிறது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பம். சொன்னேன். டாக்டரம்மா நாட்காட்டியைப் புரட்டி நாள் குறித்தார்.

அடுத்த மாதம் என் பனிக்குட நீரை (கருவைச் சுற்றியுள்ள நீர்) ஊசியால் எடுத்தார்கள். அதில் மிதக்கும் குழந்தையின் செல்களையும் வளர்த்து, ஜோயலின் செல்களோடு ஒப்பிட வேண்டும். மூன்று வாரம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தினேன். வயிற்றில் கை வைக்கவில்லை. ஆசை வைத்துவிடுவேனோ என்ற பயம்.

மறுபடி மதராஸ். டாக்டரம்மா இரண்டு குப்பிகளைக் காட்டினார். “இது பையனோடது, நொதி இல்லை. இது வயித்துல இருக்கிற பிள்ளையோடது. இதுல நொதி இருக்கு. பயமில்லை.”

கணவர் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜோயலின் செல்களை என்ன செய்வது என்று கேட்டார்கள். உறையவைத்தால் வேறு குடும்பங்களின் சோதனைக்கும் உதவுமாம்.

“எத்தனை வருசம் இருக்கும்?” என்றேன்.

“எங்களுக்கே தெரியாதும்மா.”

கணவர் என்னைப் பார்த்தார். “இருக்கட்டும், என்னட்டி?”

தலையாட்டினேன்.

டாக்டர்கள் சோதனைக்கு உங்கள் பிள்ளையின் தோலைக் கேட்டால் தயங்காதீர்கள். காயம் சின்னதுதான். உடம்பு ஒற்றை உயிர் என்றே நினைத்திருந்தேன். மகளைக் குளிப்பாட்டும்போது, என் கைக்குக் கீழே எத்தனை கோடி உயிர்கள் என்று மலைத்துப்போகிறேன். இந்த மாதம் அவள் அண்ணனின் வயதைத் தாண்டினாள். மதராஸில் அவனுக்கு இன்னும் ஒன்றரை வயதுதான்.